கொல்லைக் கதவைத் திறந்தேன்!

காலை ஏழே கால் மணி. ஓர் அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது. மறு அடுப்பில் தோசைக்கல் காய்கிறது. "அம்மா, என் ஜாமெட்ரி பாக்ஸ் எங்கே?" என்று பையன் ஒரு பக்கம். "துப்பட்டாவுக்குப் பின் குத்தி விடும்மா, பஸ் போயிடும்" என்று பெண் இன்னொரு பக்கம். "ஏம்மா, வெந்நீர் கேட்டு அரை மணியாச்சே!" என்று உள் அறையிலிருந்து மாமியார். இவ்வளவுக்கும் நடுவே, "வண்டிச் சாவியை எங்கே வச்சே?" என்று என் கணவர். அவர் வைத்த சாவியை நான் எடுத்து வைத்தேனாம்!

எந்த வீட்டில்தான் இந்தக் கூத்து இல்லை என்கிறீர்களா? வாஸ்தவம்தான். ஆனால் 2022-ஆம் வருஷம் புரட்டாசி மாதத்தில் ஒரு நாள், இந்தக் கூத்தின் நடுவில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். சொன்னால் என்னைப் போன்ற இன்னொரு தாய்க்கு உபயோகப்படுமே என்றுதான் எழுதுகிறேன்.

பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அந்த ஜாமெட்ரி பாக்ஸைத் தேடுகிறேன் என்று மேடையில் கையை விட்டு, காய்ச்சி வைத்திருந்த பாலைக் கவிழ்த்துவிட்டான். பால் அடுப்பில் வழிந்து தரையெல்லாம் ஓடியது. என் கையில் தோசைத் திருப்பி இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அதனாலேயே அவன் முழங்கைக்கு மேலே ஒரு போடு போட்டுவிட்டேன். கல்லில் இருந்து எடுத்த திருப்பி, சூடு ஆறவில்லை. பட்டை பட்டையாகச் சிவந்துவிட்டது.

அவன் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. இரண்டடி பின்னால் நகர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. பெற்ற பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுகிறான்! எனக்கு அடிவயிறு கலங்கிப் போய்விட்டது. கையைக் குழாய் நீரில் காட்டச் சொல்லி, மருந்து போட்டு, ஒன்றும் பேசாமல் பள்ளிக்கூடம் அனுப்பினேன். எல்லாரும் போனதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் எங்கே போய் அழுவது? கூடத்தில் அழுதால் மாமியாருக்குக் கேட்கும். வாசலில் நின்றால் தெரு பார்க்கும். எத்தனையோ நாளாகத் திறக்காமல் கிடந்த கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

புயல் விட்டுப் போன கொல்லை

எங்கள் ஊர் மன்னார்குடி. பழைய வீடு. பதினெட்டு அடி அகலம்தான். ஆனால் ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். கடைசியில் நாற்பது அடிக்குக் கொல்லை. அதற்கும் பின்னால் ஒரு சந்து. நான் கல்யாணமாகி வந்த காலத்தில் அந்தக் கொல்லை குளுகுளுவென்று இருக்கும். இரண்டு தென்னை, ஒரு மாமரம், கிணற்றடியில் வாழை, துணி துவைக்கிற கல் பக்கத்தில் ஒரு பவழமல்லி. என் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலையில் இறங்கினால் வெயில் ஏறித்தான் மேலே வருவார்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததே, அந்த ஒரே ராத்திரியில் எல்லாம் போயிற்று. தென்னை இரண்டும் சாய்ந்தன. மாமரம் வேரோடு பெயர்ந்து சுற்றுச்சுவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. பவழமல்லி இடுப்பளவில் முறிந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த நாட்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். பல நாள் மின்சாரம் கிடையாது; குடிக்கிற தண்ணீருக்கு அலைச்சல். மரம் போனதை மாமனாரால் தாங்க முடியவில்லை. அடுத்த வருஷமே அவரும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு கொல்லை என்பது எங்கள் வீட்டில் குப்பை போடுகிற இடம் என்று ஆகிவிட்டது. உடைந்த செங்கல், பழைய சைக்கிள், இறுகிப் போன சிமெண்டு மூட்டை, பிளாஸ்டிக் குடம்!

அந்தக் குப்பைக்கு நடுவில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துதான் அழுதேன். அழுது ஓய்ந்து தலையை நிமிர்த்தினால் காலடியில் ஏதோ வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது. பவழமல்லி! முறிந்த அடிமரத்திலிருந்து நாலைந்து கிளை வெடித்து, என் தலைக்கு மேலே வளர்ந்து, யாரும் பார்க்காமலேயே பூத்துக் கொட்டியிருக்கிறது. நாலு வருஷமாக ஒரு சொம்பு தண்ணீர்கூட நான் ஊற்றியதில்லை. அந்தச் செங்கல் குவியல்மேல் வெள்ளைப் பூவும் ஆரஞ்சுக் காம்புமாக விழுந்து கிடந்ததைப் பார்த்தபோது, எனக்காக யாரோ ஏதோ எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

ஒரு கை பூ பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். நான் எத்தனை நேரம் அங்கே இருந்தேன் என்று நினைக்கிறீர்கள்? கடிகாரத்தைப் பார்த்தேன், இருபதே நிமிஷம். ஆனால் படபடப்பு அடங்கியிருந்தது. சாயங்காலம் பையன் வந்ததும் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அம்மா பண்ணினது தப்புடா. மன்னிச்சுக்கோ" என்றேன். அவன் மறுபடியும் பயந்துவிட்டான்! நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டதே கிடையாதே!

டாக்டர் கேட்ட கேள்வி

அந்த வாரமே டாக்டரிடம் போனேன். பின்கழுத்து வலி, தூக்கமில்லாமை, தொட்டதற்கெல்லாம் கோபம் என்று சொன்னேன். ரத்த அழுத்தம் பார்த்தார். 150/96. இன்னும் இரண்டு நாள் விட்டுவிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு மாத்திரை எழுதினார். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறை, தினமும் நட என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நாளிலே உங்களுக்குன்னு எத்தனை நிமிஷம் வச்சிருக்கீங்க?"

பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். காலை ஐந்துக்கு எழுந்தால் ராத்திரி பத்தரைக்குப் படுக்கை. மாமியார் 2021-ல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்கிறவர். அவருக்குக் குளிப்பாட்டி விடுவதிலிருந்து எல்லாம் நான்தான். ராத்திரி கிடைக்கிற அரை மணியும் கைப்பேசியில் போய்விடும். அதில் பார்க்கிற செய்தியும் சண்டையும் மனசை இன்னும் கெடுக்கும். எனக்கென்று ஒரு நிமிஷம்கூட இல்லை.

அவர்தான் சொன்னார். 1984-ல் ரோஜர் உல்ரிச் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை எழுதினாராம். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். பாதிப் பேர் படுத்திருந்த அறை ஜன்னலில் மரங்கள் தெரியும். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரியும். மரம் பார்த்துப் படுத்திருந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரமே வீடு திரும்பினார்களாம். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டதாம். ஜப்பானில் 1982-லிருந்து, காட்டுக்குள் நிதானமாக நடப்பதை 'ஷின்ரின் யோகு', அதாவது வனக் குளியல் என்று பெயர் வைத்து அரசாங்கமே ஊக்குவிக்கிறதாம். "உங்க வீட்டிலே கொல்லை இருக்கில்ல? அதைப் பயன்படுத்துங்க" என்று அனுப்பி வைத்தார்.

எனக்குப் பவழமல்லி ஞாபகம் வந்தது.

பதினைந்து நிமிஷம், ஒரு டம்ளர் காபி

மறுநாளிலிருந்து ஒரு நியமம் வைத்துக்கொண்டேன். நாலே முக்காலுக்கு எழுந்து, காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவேன். பதினைந்து நிமிஷம். கைப்பேசி உள்ளேயே இருக்கும். இன்றைக்கு என்ன சமையல், யாருக்கு என்ன கட்டணும் என்று யோசிக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்து காபி குடிப்பது மட்டும்தான் வேலை.

"என்ன, காலங்கார்த்தாலே கொல்லையிலே உட்கார்ந்து தபசு பண்றியா?" என்று என் கணவர் கேலி செய்தார். நான் பதில் சொல்லவில்லை.

சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முதல் வாரம் கால் தானாக எழுந்துகொள்ளப் பார்த்தது. அரிசி களைந்தோமா, பால் வந்ததா என்று மனசு உள்ளே ஓடியது. பத்து நாள் போன பிறகுதான் காது திறந்தது. எங்கோ ஒரு செண்பகம் அடிவயிற்றிலிருந்து கூப்பிடுவது கேட்டது. வெளிச்சம் வந்ததும் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு ஒன்றாக வந்து சருகைக் கிளறிக்கொண்டு சண்டை போட்டன, எங்கள் வீட்டுக் காலை நேரம் போலவே! பூ விழுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது என்றால் நம்புவீர்களா? பவழமல்லி சாயங்காலம் இருட்டுகிறபோது மலர்ந்து, விடியலில் ஒவ்வொன்றாக உதிரும். உலர்ந்த வாழைச் சருகின்மேல் விழும்போது 'பொட்' என்று மெல்லிய சத்தம் வரும். பூஜைக்குத் தரையிலிருந்து பொறுக்கி எடுக்கலாம் என்று நம் பெரியவர்கள் விதிவிலக்கு கொடுத்திருக்கிற பூ அது.

ஒரு மாதம் உட்கார்ந்த பிறகு, சுற்றி இருந்த குப்பை உறுத்த ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பத்துச் செங்கல் என்று எடுத்து ஓரமாக அடுக்கினேன். ஒரே நாளில் முடிக்கணும் என்று கிளம்பியிருந்தால் அதுவும் ஒரு பாரமாகியிருக்கும். பழைய இரும்புக்காரரிடம் சைக்கிளையும் தகரத்தையும் போட்டேன். மூன்று மாதத்தில் மண் தெரிந்தது.

நான் பட்ட பாடு

இதற்குப் பிறகு எல்லாம் பூத்துக் குலுங்கியது என்று எழுதினால் அது பொய். 2023 தை மாதம் நர்சரிக்குப் போய் ஆசை ஆசையாக ஆறு ரோஜாச் செடி வாங்கி வந்தேன். சித்திரை வெயிலில் ஆறும் போயிற்று. தக்காளிக்கு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றி ஊற்றி வேரை அழுக வைத்தேன். செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியது. நிம்மதிக்காகப் போன இடத்தில் செடி செத்துப் போச்சே என்று புலம்பிக்கொண்டிருந்தேன்!

அப்புறம்தான் புரிந்தது. ஆரம்பத்தில் நம் மண்ணில் தானாக வருகிறதைத்தான் வைக்கணும். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்:

கற்பூரவல்லி, பிரண்டை இரண்டும் ஒரு துண்டு கிள்ளி நட்டால் போதும். கடையில் வாங்குகிற புதினாவில் இலையை ஆய்ந்துகொண்டு, தண்டை ஈர மண்ணில் சொருகினால் துளிர்க்கும். நந்தியாவட்டை, செம்பருத்தி, சங்குப்பூ மூன்றும் அதிகம் உபசாரம் எதிர்பார்க்காதவை. கறிவேப்பிலைக்கு ஆரம்பத்தில் பொறுமை வேண்டும். வேர் பிடித்துவிட்டால் நம் காலத்துக்கும் இருக்கும்.

சீக்கிரம் பலன் பார்க்க ஆசையா? சிறுகீரை விதைக்கலாம். விதை பொடியாக இருப்பதால் இரண்டு பிடி மணலோடு கலந்து தூவுங்கள். 25 நாளில் பிடுங்கிச் சமைத்துவிடலாம். நாம் போட்ட கீரையைக் கடைந்து தட்டில் போடும்போது இருக்கிற சந்தோஷமே வேறு.

மாவுப்பூச்சிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் விட்டு நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கணும். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம்.

காய்கறித் தோலுக்கு அடியில் துளை போட்ட ஒரு பழைய பானை. தோல் ஓர் அடுக்கு, காய்ந்த சருகு ஓர் அடுக்கு என்று போட்டு மூடி வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பு மண்ணாகிவிடும். அரிசி களைந்த தண்ணீர் செடிக்குப் போகட்டும். துணி துவைத்த சோப்புத் தண்ணீர் போகிற வழியில் கல்வாழையும் வாழையும் வைத்தேன். கீரைப் பாத்திக்கு அதை விடுவதில்லை.

மல்லிகையைக் கார்த்திகை வாக்கில், அதாவது நவம்பர் கடைசியில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிடணும். வெட்ட மனசு வராது. ஆனால் வெட்டினால்தான் பங்குனி, சித்திரையில் பூ.

அத்தை சொன்ன ரகசியம்

என் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லணும். எங்களுக்குள் பெரிய சண்டை கிடையாது. பெரிய பிரியமும் கிடையாது. அவர் குறை சொல்லுவார், நான் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன். இப்படியே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு நாள் நான் பொறுக்கி வந்த பவழமல்லியைச் சாமி படத்துக்கு வைக்கும்போது, "அந்த மரம் இன்னும் இருக்கா?" என்று கேட்டார். கஜாவோடு போயிற்று என்றே நினைத்திருக்கிறார். பாவம், விழுந்த பிறகு அவர் கொல்லைப் பக்கமே வந்ததில்லையே! என் கணவரிடம் சொல்லி, நிலைப்படியில் வாக்கர் தடுக்காமல் போக ஒரு சரிவுப் பலகை போட்டோம். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை மரத்தடியில் போட்டேன். காலை டிபன் ஆனதும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். எலும்புக்கு வைட்டமின் 'டி' வேண்டும், கொஞ்ச நேரம் வெயில் படட்டும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். மாத்திரையும் உண்டு.

வந்து உட்கார்ந்த முதல் நாளே அதிகாரம் தொடங்கிவிட்டது. "தண்ணியை வேர்ல ஊத்தும்மா, தலையில ஊத்தாதே." "இப்படியா பாத்தி கட்டுறது? உங்க அம்மா சொல்லித் தரலையா?" எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னபடி செய்தால் செடி பிழைத்தது. அதுவும் உண்மை.

ஒரு நாள் பூப் பொறுக்கிக்கொண்டே, "மாமா எவ்வளவு ஆசையா இந்த மரத்தை வச்சார், இல்லீங்களா அத்தை?" என்றேன்.

"உங்க மாமாவா வச்சார்? நான் வச்சேன்!" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"இந்த வீட்டுக்கு வந்த ரெண்டாம் வருஷம். என் மாமியார் பொல்லாதவங்க. கூடத்தில அழுதா, எதுக்கு அழுறேன்னு கேப்பாங்க. அதுக்கும் பதில் சொல்லணும். பூப் பொறுக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்துடுவேன். குனிஞ்சு பூப் பொறுக்கிக்கிட்டே அழுவேன். குனிஞ்சிருந்தா யாருக்கும் தெரியாதுல்ல?"

என்னால் பேச முடியவில்லை. நானும் குனிந்துதான் இருந்தேன்.

"அன்னிக்கு நீ இங்க வந்து அழுதது எனக்குக் கேட்டுச்சும்மா. பையனை அடிச்ச அன்னிக்கு. எழுந்து வரணும்னு நினைச்சேன். கால்தான் வரல" என்றார்.

பதினெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன ஆறுதல் வார்த்தை அது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஆனால் அது போதும் எனக்கு.

பாரிஜாதக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணன் சத்தியபாமா வீட்டில் மரத்தை நட்டானாம். பூ போய் ருக்மிணி வீட்டில் விழுந்ததாம். யாரோ நட்டது யாருக்கோ பூக்கும். என் விஷயத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

கோலமாவில் ஒரு பிளான்

2024-ல் வேறு ஒரு சோதனை வந்தது. பெண் பிளஸ் டூ முடித்தாள். கல்லூரிச் செலவு. "கொல்லையில சந்துப் பக்கமா வாசல் வச்சு ரெண்டு ரூம் போட்டா மாசா மாசம் வாடகை வரும். கீரையும் பூவும் ஃபீஸ் கட்டுமா?" என்றார் என் கணவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பணம் மரத்தில் காய்க்காதே!

பழைய நானாக இருந்தால் கத்தி ஆர்ப்பாட்டம் செய்திருப்பேன். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு ராத்திரியெல்லாம் அழுதிருப்பேன். இரண்டையும் செய்யாமல், "நாளைக்குக் காலையில சொல்றேங்க" என்றேன். விடியற்காலையில் காபியோடு உட்கார்ந்து யோசித்தேன். ஆறு மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். கோலமாவை எடுத்து மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரூம், குளியலறையோட. இந்தப் பக்கம் பன்னிரண்டு அடி எனக்கு வேணும். கிணறும் மரமும் இதுக்குள்ள வந்துடும். இந்தப் பன்னிரண்டு அடி என் மாத்திரை மாதிரிங்க" என்றேன்.

அவர் வெகு நேரம் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலியில் இருந்த அத்தை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவே பெரிய ஆதரவு! கடைசியில், "சரி, கொத்தனாரைக் கேட்கிறேன்" என்று போனார்.

முழுசாக ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நான் வைத்து இரண்டு வருஷம்கூட ஆகாத மாங்கன்று போயிற்று. கீரைப் பாத்தியில் பாதி போயிற்று. அஸ்திவாரம் தோண்டின அன்று நான் வெளியே வரவே இல்லை. ஆனால் அறையும் கட்டியாயிற்று, மரமும் இருக்கிறது. குடியிருக்க வந்தவர் பள்ளிக்கூடத்து டீச்சர். சாயங்காலமானால் அவரும் நோட்டுக் கட்டோடு கிணற்றடிக்கு வந்துவிடுகிறார்.

இடம் இல்லையே என்கிறீர்களா?

மாடி வீட்டிலும் ஃபிளாட்டிலும் இருக்கிற சகோதரிகள், "உங்களுக்கு நாற்பது அடி கொல்லை இருந்தது, பேசறீங்க" என்பீர்கள். சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒன்றரை அடிதான். அதில் ஒரு துளசி, ஒரு கற்பூரவல்லி, தொங்குகிற தொட்டியில் ஒரு மணி பிளான்ட். ஜன்னலோரம் ஒரு முக்காலி. அவளும் பதினைந்து நிமிஷம் உட்காருகிறாள். தொட்டிக்குச் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். தொட்டிக்கும் வழியில்லையா? பக்கத்துக் கோயிலில் நந்தவனம் இருக்கலாம். நம் ஊர்க் கோயில்களில் நந்தவனம் வைத்தது சாமிக்குப் பூ பறிக்க மட்டும்தானா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் துளசிச் செடியடியில் ஆண்டாள் கிடைத்தாள் என்பார்கள்.

இடம் பெரிது, சின்னது என்பதல்ல விஷயம். அசோகவனத்தைவிட அழகான தோட்டம் உண்டா? அங்கே உட்கார்ந்திருந்த சீதைக்கு நிம்மதி இருந்ததா? நாமாக விரும்பிப் போய், நாமாக எழுந்து வருகிற இடமாக இருக்கணும். அதுதான் முக்கியம்.

சில எச்சரிக்கைகள்

குழந்தைகள் உள்ள வீட்டில் அரளி வேண்டாம். எல்லா பாகமும் விஷம். மஞ்சள் அரளியின் கொட்டை உயிருக்கே ஆபத்து. ஊமத்தையும் அப்படித்தான். குழந்தை தெரியாமல் வாயில் போட்டுவிட்டால் கைவைத்தியம் செய்துகொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை தட்டைக் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். பறவைக்கு வைக்கிற சட்டியும் அப்படியே.

செங்கல் குவியலில் வெறும் கையை விடாதீர்கள். பாம்பு, தேள் இருக்கும். இருட்டில் போனால் டார்ச்சும் செருப்பும் அவசியம். முள், ஆணி குத்தினால் அலட்சியம் வேண்டாம்; தடுப்பு ஊசி தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம்: தோட்டத்தில் உட்காருகிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு இப்போது ரத்த அழுத்தம் 130/84 பக்கம் இருக்கிறது. மாத்திரை, நடை, உப்புக் குறைப்பு, கொல்லை எல்லாம் சேர்ந்துதான். எந்நேரமும் மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தையைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது என்றால், அதுவும் ஒரு வியாதிதான். முக்கியமாகப் பிரசவமான இளம் தாய்மார்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லணும்.

இப்போது

இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வராது என்று சொன்னால் என் வீட்டார் சிரிப்பார்கள். பால் வழிகிறது, சாவி தொலைகிறது, மல்லிகையை நான் தப்பாக வெட்டிவிட்டதாக அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் 2022 புரட்டாசிக்குப் பிறகு பிள்ளைகள்மேல் கை வைத்ததில்லை.

பையன் வளர்ந்துவிட்டான். கையில் இருந்த தழும்பு மங்கிப்போய்த் தேடினால்தான் தெரிகிறது. எனக்கு மட்டும் தேடாமலே தெரியும். போன வாரம் ஏதோ ஒரு விஷயத்துக்கு என் குரல் உயர்ந்துவிட்டது. அவன் பயப்படவில்லை. காபி டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்து, "அம்மா, இன்னிக்கு நீ கொல்லைக்குப் போகலையா?" என்றான்.

சிரித்துக்கொண்டே போய்க் கொல்லைக் கதவைத் திறந்தேன்.